பில்லில் ஒரே ஒரு வரி

பில்லில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘கடல்நீர் மீன்தொட்டி, முழு செட் 1, ரூ. 475,000.’ அதை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் கணக்கு எழுதிச் சம்பளம் எடுக்கிறவள். அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு பில்லை நீட்டினால் ‘விபரம் எங்கே?’ என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சொந்தக் காசு போகும்போது மட்டும் கண் மறைத்துவிட்டது.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். ஏன் போட முடியாது என்பது கீழே வரும். கொழும்பில் முதல் முறையாகப் பவளத் தொட்டி வைக்க நினைக்கிறவர்கள் காசைக் கொடுக்க முன்னர் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், நாலாம் மாடி. மகனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கிட்டத்தட்ட 190 லீட்டர். அதற்குமேல் நாலாம் மாடித் தரையில் பாரம் ஏற்ற எனக்குப் பயம். தண்ணீர் மட்டுமே 190 கிலோ, கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் வேறு. “கடல் முன்னால கிடக்கு, உப்புக்கு ஏன் காசு குடுக்கிறாய்?” என்று அம்மா கேட்டார். வெள்ளவத்தைக் கால்வாய் வந்து விழுகிற இடத்தை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கடைக்காரர் மிகவும் இனிமையாகக் கதைப்பார். ஏமாற்றப் போகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டா நிற்பார்! “அக்கா, நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க. தொட்டி, லைட், சில்லர், ஸ்கிம்மர், ஆர்.ஓ., உப்பு எல்லாம் செட்டாவே தாறேன். தனித்தனியா வாங்கினா ஆறு லட்சம் தாண்டும்.” தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லரைப் பற்றி மட்டும் நான் இரண்டு தரம் கேட்டேன். பவளம் 24 முதல் 27 பாகைக்குள் இருந்தால் நல்லது என்று மகன் எங்கேயோ வாசித்துச் சொல்லியிருந்தான். நம்முடைய வரவேற்பறையோ சித்திரையில் பகல் 31 காட்டும். “பத்தில் ஒரு ஹோர்ஸ் பவர் சில்லர் அக்கா, ஒரு வருஷ வொரன்டி” என்றார். வீட்டுக்கு வந்தபின் நான் வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்க, அதையே எழுதியும் அனுப்பினார். இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த ஒரே கெட்டித்தனம் அந்த வாட்ஸ்அப்தான். அதுவும் தற்செயல்.

இரண்டு பொடியன்கள் வந்து ஒரு பின்னேரத்துக்குள் எல்லாம் பூட்டிவிட்டுப் போனார்கள். சில்லரைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் வைத்துக் கதவையும் மூடினார்கள். அது தண்ணீரில் இருந்து எடுக்கிற சூட்டை வெளியே தள்ளுகிற சாமான். மூடிய அலுமாரிக்குள் அந்தச் சூடு எங்கே போகும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முன்பக்கச் சின்னத் திரையில் நீல நிறத்தில் 25.0 என்று எரிந்தது. மகன் அதைப் படம் எடுத்துக் கூட்டாளிமாருக்கு அனுப்பினான்.

மூன்று நாளில் மீன் விடலாம் என்று கடையில் சொன்னார்கள். நல்லகாலம், திருகோணமலையில் என் சித்தி மகன் ஒருவன் இருக்கிறான். புறாத்தீவுப் பக்கம் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவன். அவன்தான் தடுத்தான். “அக்கா, மீன்ர கழிவைத் தின்னுற பக்டீரியா கல்லில பிடிக்கவே நாலு, அஞ்சு கிழமை வேணும். அதுக்கு முதல் விட்டா மீன் தன்ர அமோனியாவிலயே சாகும்.” சரி, வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் குட்டு வெளிப்பட்டது. மூன்று நாளில் மீனும் பவளமும் வாங்கி விட்டிருந்தால், செத்தபின் “நீங்க சரியாப் பராமரிக்கல்ல” என்று என் தலையில் கட்டியிருப்பார்கள்.

இரண்டாம் கிழமை ஒரு கண்ணாடி வெப்பமானி வாங்கித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். பகல் இரண்டு மணி. சில்லரில் 25.0. வெப்பமானியில் 30 கோட்டுக்குச் சற்று மேலே. வெப்பமானிதான் பிழை என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதையே காட்டியது. இரவு பத்து மணிக்கும் திரையில் 25.0, விடிய ஐந்து மணிக்கும் 25.0. ஒரு மாறாட்டமும் இல்லை. பிறகுதான் விளங்கியது, அது தண்ணீரின் வெப்பம் இல்லை, நாங்கள் அமத்தி வைத்த இலக்கம். அந்தத் திரை அதை மட்டும்தான் காட்டும்.

திருகோணமலைத் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். 1998இல் கடல் வழமையைவிட ஒன்றிரண்டு பாகை கூடச் சூடானதற்கே ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கமும் பவளம் பெருமளவில் வெளிறிப் போன கதையைச் சொன்னான். “கடலே தாங்கேல்லையக்கா, உங்கட கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?”

எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் ஃப்ரிட்ஜ், ஏசி திருத்துகிற பாஸ் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் சில்லரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, கம்ப்ரசர் உள்ள சாமான ஒரு கையால தூக்க ஏலாது.” மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு காற்றாடி, ஒரு அலுமினியத் தகடு, நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். கிறீம் கிரக்கர் பிஸ்கட்டில் பாதிகூட வராது. இரண்டு வயர். அவ்வளவுதான். கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் சுடுகிற சில்லு அது. காரில் வைக்கிற சின்னக் குளிர்பெட்டிகளில் வரும். ஒரு அடி மீன்தொட்டிக்கு ஏதோ கொஞ்சம் உதவலாம்.

பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. பக்கவாட்டில் ‘1/10 ஹெச்.பி.’ என்று மினுங்கிக்கொண்டிருந்த ஸ்டிக்கரின் மூலையைப் பெருவிரல் நகத்தால் மெல்லக் கிளப்பினார். அது உரியத் தொடங்கியதும் மகன் வந்து பக்கத்தில் குந்தினான். கீழே பழைய எழுத்தில் ‘12 வோல்ட், 72 வாட்’. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஸ்டிக்கரின் பசை பாஸின் விரலில் ஒட்டிக்கொண்டு போகவில்லை, சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். 190 லீட்டர் தண்ணீரை ஐந்து பாகை இறக்க, மின்சாரப் பட்டியலில் வருகிற கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 1.1 யூனிட் சூட்டை வெளியே எடுக்க வேண்டும். இந்தச் சில்லு தின்கிற கரண்ட் 72 வாட், அது நகர்த்துகிற சூடு அதைவிடக் குறைவு. மோட்டர்களும் லைட்டும் அறைக்காற்றும் மணிக்கு மணி உள்ளே ஏற்றுகிற சூட்டுக்கே அது காணாது. கிணற்றை உள்ளங்கையால் இறைக்கிற வேலை.

ஒன்று பொய்யானால் மற்றவற்றையும் பார்க்க வேண்டும் இல்லையா. ஸ்கிம்மரோடு ஒரு கனத்த கறுப்புப் பெட்டி வந்திருந்தது, எப்போதும் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டு. “வெளிநாட்டு ஒரிஜினல் அக்கா, அதான் ட்ரான்ஸ்ஃபோமர்” என்று பூட்ட வந்த பொடியன் பெருமையாகச் சொல்லியிருந்தான். மோட்டரின் அடியில் பார்த்தால் ‘110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’. நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்தப் பெட்டி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. இந்த வகை மோட்டர் ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சுழலும், ஆகவே நிமிடத்துக்கு 3,600 சுற்ற வேண்டியது 3,000 தான் சுற்றும். ஸ்கிம்மரின் உயிரே நுண்ணிய காற்றுக் குமிழிதான், அதில்தான் அழுக்கு ஒட்டி மேலே நுரையாக வரும். வேகம் குறைந்தால் காற்று இழுக்காது. சும்மாவும் இராமல் மோட்டர் சூடேறி, அந்தச் சூட்டையும் தண்ணீருக்கே கொடுக்கும். வெளிநாட்டில் கழித்த சாமானா, மலிவாக வந்ததா தெரியாது. இங்கே அதன் இடம் பழைய இரும்புக் கடைதான்.

பொய் சொல்லக்கூடாது, ஆர்.ஓ. என்கிற தண்ணீர் வடிகட்டி நல்ல சாமான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற மீட்டர் குழாய்த் தண்ணீரில் 58 காட்டியது, வடிகட்டி வந்ததில் 4. தொட்டிக் கண்ணாடியும் சரியான தடிப்பு. லைட்டில் எழுதியிருந்த வாட்டில் பாதிதான் உண்மையில் எடுக்கிறது, ஆனால் அந்தப் பித்தலாட்டம் பெட்டியில் அச்சடித்தே வருகிறதாம், அதற்குக் கடைக்காரரை மட்டும் திட்ட மனம் வரவில்லை. பெப்ரவரி 2025இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அதை நினைத்து பற்றரியில் ஓடுகிற ஒரு காற்று மோட்டரையும் தனியாக வாங்கினேன். அது இன்னும் ஓடுகிறது.

இன்னொரு விஷயம். வாங்கும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “உயிர்க்கல்லு இருக்கு அக்கா, நம்ம கடல்ல எடுத்தது. உங்களுக்கெண்டா ஃப்ரீ” என்றார். சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கிற பவளக்கல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள். தம்பி முன்பே எச்சரித்திருந்ததால் வேண்டாம் என்றேன். நம்முடைய கடலில் பவளக்கல் உடைத்து எடுப்பது கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், உயிருள்ள பவளத்துக்கு வனசீவராசிச் சட்டமும் இருக்கிறது. அந்த இலவசத்தின் அர்த்தம் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதே கடையில் அதே செட்டை வாங்கிய ஒருவரைப் பாஸ் மூலம் தற்செயலாகச் சந்தித்தேன். அதே ஸ்டிக்கர் சில்லர், அதே கதை. ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்டேன். “எப்பிடித் தங்கச்சி செய்யிறது? அந்தக் கல்லு என்ர வீட்டில கிடக்கு. போய்க் கேட்டதுக்கு, ‘கல்லைப் பற்றியும் சொல்லுங்கோவன்’ எண்டு சிரிக்கிறான்.”

நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பில்லில் சில்லர் என்று என்ன எழுதியிருக்கு?” என்றார். அப்போதுதான் அந்த ஒரு வரி எனக்கு உறைத்தது. சில்லர் என்ற சொல்லே அதில் இல்லை, வோல்ட் இல்லை, மொடல் இல்லை, வொரன்டி இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தது. வாட்ஸ்அப் பதிலை அச்செடுத்தேன், உரித்த ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அடுத்த கிழமையே கடைக்காரர் தொலைபேசியில் வந்தார். அக்கா போய் இப்போது ‘மிஸ்’ ஆகியிருந்தேன். சில்லருக்கும் ஸ்கிம்மருக்கும் சேர்த்து அவர் சொன்ன விலை 175,000. திருப்பித் தந்தது 110,000, அதுவும் ‘இனி ஒரு பிரச்சினையும் இல்லை, கடையின் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு. இன்னும் இழுத்தடித்தால் முழுதும் வந்திருக்குமோ என்னவோ. வேலையும் விட்டு அலைய எனக்குத் தெம்பு இல்லை.

பிறகு கல்கிசையில் குடும்பத்தோடு வெளிநாடு போகிற ஒருவரிடம் பழைய கம்ப்ரசர் சில்லர் ஒன்றை வாங்கினோம். பாஸும் கூட வந்தார். அங்கேயே வாளித் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, என் வெப்பமானியை வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். இப்போது அது பல்கனியில் நிற்கிறது, சுவரில் துளை போட்டுக் குழாய் இழுத்திருக்கிறோம். இரைச்சல் கொஞ்சம் கூடத்தான், அம்மா முணுமுணுக்கிறார். நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி 26. மீன் இன்னும் விடவில்லை.

அந்த மனிதரிடம் பில் புத்தகம் ஏது! மகனின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சில்லரின் பெயர், மொடல், தொடர் இலக்கம், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், வாயு எப்போது அடைத்தது, எந்தக் காற்றாடி மாற்றியது என்று பதினொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மகன் அதைத் தொட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான்.