ஃபைட்டர் மீன்: போத்தலைக் கழுவி ஊற்றுவதா, தொட்டியில் கால்வாசி மாற்றுவதா?

அக்கா வீடு அக்கரைப்பற்றில், என் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில் ஆளுக்கொரு ஃபைட்டர் மீன் வாங்கினோம். நீலம் மருமகனுக்கு, சிவப்பு எனக்கு. நீலம் போனது மூன்று லீற்றர் கொள்ளும் உருண்டைக் கண்ணாடிப் போத்தலுக்கு. சிவப்பு, இருபது லீற்றர் தொட்டிக்கு. ஐந்தாம் மாதம் நீலம் செத்தது. அழுக்குத் தண்ணீரில் அல்ல. போத்தலைத் தேய்த்துக் கழுவி, கூழாங்கல்லை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பிய மறுநாள் காலையில். அக்கா போன் எடுத்தார்: "தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்குடா தம்பி, மறுகா என்னத்துக்கு இது செத்தது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டு துப்புரவு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அக்கா வீட்டு முறை இது. ஞாயிற்றுக்கிழமை மீனைத் தேநீர்க் கோப்பையில் எடுத்து வைப்பது, போத்தலைக் கவிழ்ப்பது, எல்லாவற்றையும் தேய்ப்பது, வாளித் தண்ணீரை நிரப்பி மீனை ஊற்றுவது. முக்கால் மணித்தியாலம் போகும். முடிந்ததும் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. என் தொட்டி அவ்வளவு பளபளப்பாக ஒருநாளும் இருந்ததில்லை.

என் முறையில் மீன் இடம் மாறாது. வாரம் ஒருமுறை ரியூப் வைத்து அடியிலுள்ள ஊத்தையோடு ஐந்து லீற்றர் தண்ணீரை வாளிக்கு இறக்குவேன். ஸ்பொன்ஜ் ஃபில்டரைக் கழற்றி, அந்த வாளித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிவேன். பைப்பில் காட்டவே மாட்டேன். முதல்நாளே பிடித்து வைத்த தண்ணீரை மெல்ல விடுவேன். பதினைந்து நிமிட வேலை. வாளித் தண்ணீர் கறிவேப்பிலைக் கன்றுக்குப் போகும்.

ரியூப் விடயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. மேசன்மார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ரியூப் ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும், ஒன்றரை மீற்றர் போதும். வாயால் உறிஞ்சாதீர்கள். நான் உறிஞ்சியிருக்கிறேன், அந்த ருசி பின்னேரம் வரைக்கும் போகவில்லை. ரியூபைத் தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தித் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைப் பெருவிரலால் அடைத்து வெளியே இறக்கினால் தானாக ஓடும்.

பளிங்குத் தண்ணீரில் ஏன் செத்தது?

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனும் அமோனியாவாக மாறும். அமோனியா செவுளை எரிக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றையும் விட ஸ்பொன்ஜிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீருக்குள் அவ்வளவாக இல்லை. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். வாராவாரம் கல்லைத் தேய்த்து அலசுகிறவர் அந்த ஆறு வாரத்தை வாராவாரம் முதலிலிருந்து தொடங்குகிறார்.

ஆனால் நீலம் ஒரே இரவில் செத்ததற்கு இது மட்டும் காரணமில்லை. துருவிக் கேட்டபோதுதான் மிச்சம் வெளியே வந்தது. மருமகனுக்கு ஸ்கொலசிப் சோதனை, மூன்று வாரம் யாரும் போத்தலைத் தொடவில்லை. வற்றினால் மேலே கொஞ்சம் ஊற்றியதோடு சரி. இப்படி விட்டால் தண்ணீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மைக்கு இறங்கும், அதாவது பி.எச். குறையும். (வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்க்கிற பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வேறு; அவர் பின்னால் வருவார்.) மீன் அந்தக் கெட்ட தண்ணீருக்கே உடம்பைப் பழக்கிக்கொண்டது. அன்று பைப் தண்ணீர் வரவில்லை என்று கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கிணறு வன்நீர், சுண்ணாம்பு உப்புகள் கூடியது, பி.எச்.சும் உயரம். அக்கா வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஓடு மாதிரி இருக்கும். பி.எச். ஒன்று ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம். உப்புகளின் அளவு, சூடு எல்லாமே ஒரே நொடியில் மாற, மீன் அதிர்ச்சியில் போய்விட்டது.

"அப்ப பாதியை மாத்தியிருந்தா தப்பியிருக்குமா?" என்று அக்கா கேட்டார். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பி.எச். தாழ்வாக இருக்கும்போது அமோனியாவில் பெரும்பகுதி அமோனியமாக, அவ்வளவு தீங்கில்லாத வடிவில் கிடக்கும். 25 பாகை செல்சியசில் பி.எச். 7 என்றால் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு; 8 என்றால் ஐந்துக்கு மேல். பாதி ஊத்தையை வைத்துக்கொண்டு வன்நீரைச் சேர்த்தால் அதுவரை தூங்கிக் கிடந்த நஞ்சு எழும்பிவிடும். கவனிக்காமல் விட்ட போத்தலை மீட்க ஒரே வழி பொறுமைதான்: நாளுக்கு ஒரு கோப்பை எடுத்து ஒரு கோப்பை விட்டு, பத்து நாளில் சரிக்கட்ட வேண்டும். இருபது லீற்றரில் இந்தச் சிக்கல் இவ்வளவு வேகமாக வராது. மூன்று வாரம் மறந்தாலும் தொட்டி மன்னிக்கும், போத்தல் மன்னிக்காது.

பைப்பா கிணறா?

மட்டக்களப்புப் பக்கம் பைப்பில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், சுத்திகரித்துக் குளோரின் சேர்த்தது. குடிக்கிற நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கு நெருப்பு. வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன்கடையில் விற்கிற தயோசல்பேற்றுக் கற்களில் இரண்டு மூன்றைக் கரைத்து ஊற்றலாம், உடனே வேலை செய்யும். பிடித்து வைக்கும் வாளியை மட்டும் மெல்லிய துணியால் கட்டி மூடுங்கள். திறந்து விட்டால் நுளம்புக் குடம்பி வரும், அதைத் தேடி மேலே சொன்ன பி.எச்.ஐ. வருவார். ஃபைட்டர் அந்தக் குடம்பியை ஆசையாகத் தின்னும் என்று அவரிடம் விளக்கப் போக வேண்டாம்.

கிணற்றில் குளோரின் இல்லை என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை, என்னுடையதும் அதுதான். இதற்கு முன் நான் வளர்த்த மீன் அந்த நம்பிக்கையால்தான் செத்தது. மார்கழி வெள்ளம் வடிந்து, வீதி முழுக்கக் கிணறு இறைத்துக் குளோரின் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரோ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அன்று முழுத் தண்ணீரும் மாற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் ஓரம் சிவந்திருந்தது. கால்வாசி மட்டும் மாற்றியிருந்தால் நஞ்சும் கால்வாசிதானே போயிருக்கும்? பகுதி மாற்றத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். நாம் விடுகிற பிழையும் கால்வாசியாகிவிடும்.

சூட்டையும் பாருங்கள். கூரைமேல் கறுப்புத் தாங்கி வைத்திருப்பவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தால் கை சுடும். காலையில் பிடித்து நிழலில் வையுங்கள். பழைய தண்ணீருக்கும் புதியதற்கும் இரண்டு பாகைக்குமேல் வித்தியாசம் வேண்டாம். தெர்மாமீற்றர் இல்லையென்றால் இரண்டிலும் கையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் பொறுங்கள்.

எதால் தேய்ப்பது?

சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் கூடாது. எவ்வளவு அலசினாலும் கல்லிடுக்கில் தங்கும். கண்ணாடியின் உட்பக்கப் பாசிக்கு மீனுக்கென்றே வைத்திருக்கும் புது ஸ்பொன்ஜ் போதும். வெள்ளைப் படிவுக்கு வினாகிரி நல்லது, ஆனால் தொட்டி வெறுமையாக இருக்கும்போது துடைத்து, மணம் போக அலச வேண்டும். கல்லுப்பால் கண்ணாடியைத் தேய்க்கலாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும்.

"தாய்லாந்தில வயலுக்குள்ள கிடக்கிற மீன்தானே, அதுக்கு என்னத்துக்குத் தொட்டி?" என்று அத்தான் கேட்டார். அம்பாறை வயல்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். நம் வாய்க்கால் பனையேறியைப் போல ஃபைட்டருக்கும் தலைக்குள் காற்றைச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு மிடறு எடுத்துக்கொள்ளும். அதனால் ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். அமோனியாவுக்கு அந்த உறுப்பால் ஒரு உதவியும் இல்லை. வயல் தண்ணீர் ஆழம் குறைவுதான், ஆனால் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கிறது, மீன் நகர்ந்துவிடலாம். போத்தலில் எங்கே நகரும்?

செலவுக் கணக்கில் போத்தல் முந்துகிறது, வாங்கும் நாளில் மட்டும். ஸ்பொன்ஜை ஓட்டும் சின்னக் காற்றுப் பம் மூன்று வாற் என்றால் மாதம் இரண்டு யூனிட் சொச்சம். காற்றை மெல்லத் திருகி வையுங்கள். நீண்ட செட்டை மீனுக்கு ஓட்டம் பிடிக்காது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் போன நாட்களில்கூட இப்படித் திறந்து கிடக்கும் ஸ்பொன்ஜ் தாங்கும். மூடிய பெட்டி ஃபில்டரை நம்ப முடியாது. ஓட்டம் நின்றால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பக்டீரியா சாகும்.

இவ்வளவுக்கும் பிறகும் போத்தல்தான் வேண்டுமென்றால், குறைந்தது ஐந்து லீற்றராவது பாருங்கள். வாரம் இரண்டு தடவை பாதி மாற்றுங்கள். அங்கே ஃபில்டர் இல்லாததால் கால்வாசி போதாது. கல்லை ஒரே நாளில் முழுவதும் அலசாதீர்கள். மீனை எடுக்க வலை வேண்டாம், செட்டை கிழியும். கோப்பையை அமிழ்த்தினால் தானாக வரும். திருப்பி விடும்போது பழைய சேலைன் குழாயில் முடிச்சுப் போட்டு, கோப்பைக்குள் அரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விடுங்கள். தீன் காலை இரண்டு, மாலை இரண்டு உருண்டை. அதற்குமேல் போடுவதெல்லாம் அடுத்த துப்புரவுக்கு முற்பணம்.

அக்கா வீட்டுப் போத்தலில் இப்போது மணிபிளாண்ட் நிற்கிறது. மருமகனுக்கு இருபது லீற்றர் தொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மீன் இன்னும் விடவில்லை, என் தொட்டி ஸ்பொன்ஜில் பாதியை வெட்டி ஈரத்தோடு அனுப்பிப் பக்டீரியாவைப் பழக விட்டிருக்கிறோம். "மாமா, இன்னும் எத்தின நாள்?" என்று நாளுக்கு இரண்டு முறை கேட்கிறான். இங்கே மழை பிடித்துவிட்டது, கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. வாளி இரண்டையும் நேற்றே நிரப்பிக் கட்டி வைத்துவிட்டேன்.