ஆறு வருடமாக நூலக மின்னூல்கள்

சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் கிருமித்தொற்றால் நூலகங்களை மூடியபோது, உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் எடுத்த நான்கு புத்தகங்கள் என் வீட்டில் இருந்தன. இரண்டே வாரத்தில் நான்கும் முடிந்துவிட்டன. அப்போதுதான் நூலக மின்னூல்களை இரவல் எடுத்துப் படிக்க உதவும் லிபி (Libby) செயலியைப் போனில் இறக்கினேன். தேசிய நூலக வாரியத்தில் ஏற்கெனவே உறுப்பினர் என்பதால் தனியாகக் காசு எதுவும் கட்டவில்லை. அன்று தொடங்கிய பழக்கம், ஆறு வருடமாக நிற்கவில்லை.

முதலில் மனசுக்குப் பிடித்தது, திருப்பிக் கொடுக்கும் கவலை இல்லாததுதான். 21 நாள் முடிந்ததும் புத்தகம் தானாகவே போய்விடும், அபராதம் கிடையாது. ஆனால் நாம் கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் அழியாது. ஒரு வரலாற்று நூலை எட்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். பாதியில் விட்ட பக்கத்தில், "இதை அப்பாவிடம் கேட்க வேண்டும்" என்று நான் எழுதி வைத்தது அப்படியே இருந்தது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

கஷ்டம் என்றால் காத்திருப்புதான். மின்னூலுக்கு ஏன் வரிசை என்று எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: பெரும்பாலான நூல்களில் நூலகம் வாங்குவது ஒரு பிரதிக்கான உரிமம், அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். அந்த உரிமமும் பல நேரம் நிரந்தரமில்லை. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் தன் மின்னூல்களை 26 முறை இரவல் கொடுத்ததும் நூலகம் மறுபடி வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. அச்சுப் புத்தகம் 26 பேர் படித்ததும் கிழிந்தா போகிறது? இது நூலகங்களுக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காத்திருக்க நான் கண்ட வழி, ஏழெட்டுப் புத்தகங்களுக்கு ஒரே நேரத்தில் முன்பதிவு செய்துவிடுவது. நம் முறை வந்ததும் எடுத்துக்கொள்ள மூன்று நாள் அவகாசம் உண்டு. கையில் வேறு புத்தகம் இருந்தால், வரிசையில் இடம் போகாமல் தள்ளிப் போடலாம். இது தெரியாமல் முதல் வருடத்தில் மூன்று புத்தகங்களைத் தவறவிட்டேன்.

கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிபியிலிருந்து, மின்னூல் படிக்கும் கருவியான அமேசான் கிண்டிலுக்குப் புத்தகம் அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். நான் போனிலேயே படிக்கிறேன். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையால் பக்கம் புரட்ட முடிகிறது, அது போதும்.

அப்புறம் தமிழ். ஆங்கில நூல்களோடு ஒப்பிட்டால் தமிழ் மின்னூல்கள் குறைவு. எடுத்த ஒன்றில் பக்கங்களைப் படமாகவே போட்டிருந்தார்கள், எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை. அம்மாவுக்காக எடுத்த புத்தகம் அது. டேப்லெட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய், நகர்த்தி நகர்த்தி நான்கு பக்கம் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பதிப்பாளர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற நூலை அதே அம்மா மூன்று நாளில் முடித்துவிடுகிறார், ஒரு திரைக்குப் பத்து வரிதான் வரும் அளவுக்கு வைத்துக்கொண்டு.

சிங்கப்பூர் எழுத்தாளர்களைப் படிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. நாடு விடுதலையடைந்த 50-ஆம் ஆண்டையொட்டி, 2015-இல், இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கி எல்லோரும் படிக்கக் கொடுத்தார்கள். கடையில் இனிக் கிடைக்கவே கிடைக்காத சிறுகதைத் தொகுப்புகளை அதில்தான் படித்தேன். அதற்கு வரிசையும் இல்லை, கெடுவும் இல்லை.

இப்போது என் முன்பதிவில் ஆறு புத்தகங்கள் நிற்கின்றன. அதில் இரண்டு அம்மாவுக்கு.