பாங்காக்கில் தாய்லாந்து மொழி வகுப்பு: எதில் சேரலாம்?

வேலைக்காகவோ, கணவன் அல்லது மனைவியின் வேலைக்காகவோ பாங்காக் வந்தவர்கள் முதல் சில மாதங்களை ஆங்கிலத்தையும் கை ஜாடையையும் வைத்தே ஓட்டிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் குழாய் ஒழுகும். சரிசெய்ய வருபவருக்கு ஆங்கிலம் தெரியாது. காண்டோ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிந்த ஆங்கிலம் "டுமாரோ" மட்டும். அன்றைக்குத்தான் "ஏதாவது கிளாஸில் சேர்ந்துவிட வேண்டும்" என்று தோன்றும். தேடிப் பார்த்தால் அசோக், ப்ரோம் போங், சீலோம் என்று ரயில் நிலையத்துக்கு நிலையம் பள்ளிகள். விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது.

முதலில் விசா விஷயத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். கட்டணம் விசாரிக்கப் போன ஒரு பள்ளியில் வரவேற்பில் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "எந்த விசா வேண்டும்?" என்பதுதான். முன்பு படித்ததுண்டா, எழுத்து தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கல்வி அமைச்சின் உரிமம் பெற்ற பள்ளியில் சேர்ந்தால் ஈடி எனப்படும் கல்வி விசா கிடைக்கும். வழக்கமாக 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய் 1,900 பாட் கட்டி நீட்டிக்க வேண்டும். அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. நீட்டிக்கப் போகும்போது அதிகாரி தாய்லாந்து மொழியிலேயே நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பதும் உண்டு. மொழியைவிட நாட்டில் தங்குவதே முக்கியம் என்று வருபவர்களை நம்பி நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வாரத்துக்கு இரண்டு நாள், பாதி நாற்காலி காலி. கம்பெனி விசாவில் இருப்பவருக்கோ, அவரைச் சார்ந்து குடும்ப விசாவில் வந்தவருக்கோ இந்த ஏற்பாடே தேவையில்லை. ஆகவே "ஒரு வருட பேக்கேஜ்" என்று யாராவது ஆரம்பித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சரி, படிக்கவே வந்தவர்கள் எதை ஒப்பிட வேண்டும்? கட்டணத்தையும் நேரத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய வித்தியாசம், முதல் இரண்டு மாதம் உங்கள் கண் முன்னால் எந்த எழுத்து இருக்கப்போகிறது என்பது. ரோமன் எழுத்தா, தாய்லாந்து மொழியின் சொந்த எழுத்தான தாய் எழுத்தா, அல்லது எழுத்தே இல்லையா?

பாங்காக் தனியார் பள்ளிகளில் கணிசமானவை மாட்யூல் முறையில், அதாவது பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடப்பவை. மிஷனரிகளுக்கு மொழி கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய யூனியன் பள்ளியின் பாடமுறையை ஒட்டியே இவற்றில் பல உருவாயின. வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் மூன்று நான்கு மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு மாட்யூல். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடுவதால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு வசதி. ஆசிரியை கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அதையே நீங்கள் கேட்பீர்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது மாட்யூல் முடிவதற்குள் கடையில் பேரம் பேசவும், டாக்ஸிக்கு வழி சொல்லவும் வாய் தானாகத் திறக்கும். வாய் திறப்பதற்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இவற்றில் குறை என்னவென்றால், முதல் சில மாட்யூல்கள் ரோமன் எழுத்தை ஒட்டிய ஒலிக்குறிகளில் ஓடும். தாய் எழுத்து அதற்குப் பிறகுதான். "முதலில் பேசுங்கள், எழுத்து பிறகு" என்பார்கள். ஐரோப்பியர்களுக்கு அது சரியாக இருக்கலாம். தமிழ் படித்தவருக்கு அது வீண் சுற்று.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாய்லாந்து மொழியில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றியோ இறக்கியோ சொன்னால் பொருளே மாறிவிடும். சாலைப் பலகைகளில் பார்க்கும் அரசாங்க ரோமன் முறை, ஐந்து ஒலியேற்ற இறக்கங்களில் ஒன்றைக்கூடக் காட்டாது. குறில், நெடில் வித்தியாசத்தையும் காட்டாது. அந்த முறைப்படி எழுதினால் சோறு, உள்ளே நுழைவது, அவர், செய்தி, வெள்ளை, முழங்கால் ஆகிய ஆறுக்கும் ஒரே ஸ்பெல்லிங்தான். பள்ளிகள் தங்கள் புத்தகங்களில் மேலே கோடு, கொக்கி எல்லாம் போட்டு இதைச் சரிசெய்கிறார்கள். ஆனால் ஒரு பள்ளியின் குறிமுறை இன்னொரு பள்ளியில் செல்லாது. பள்ளி மாறினால் அதையும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். தெருவிலோ மெனு கார்டிலோ அந்தக் குறிகள் எங்கேயும் இருக்காது.

தாய் எழுத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதே இல்லை. பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து போய்க் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து வந்ததுதான் தாய் எழுத்து. மெய்யெழுத்து 44, அவற்றில் இரண்டு வழக்கொழிந்துவிட்டன. எண்ணிக்கை மிரட்டும், ஆனால் வரிசையைப் பாருங்கள். க-வில் தொடங்கி ங-வில் முடியும் ஒரு கூட்டம், ச-வில் தொடங்கி ஞ-வில் முடியும் ஒன்று, ட-வுக்கு ண, த-வுக்கு ந, ப-வுக்கு ம, அப்புறம் ய ர ல வ. ஒன்றாம் வகுப்பில் நாம் ஒப்பித்த அதே ஒழுங்குதான். உயிர்க்குறிகளும் நம்முடையதைப் போலவே எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் மேலும் கீழும் உட்காரும். வகுப்பில் ஒரு ஜெர்மன்காரர், "பிறகு உச்சரிக்கும் ஒலியை ஏன் முன்னால் எழுதுகிறார்கள்?" என்று ஆசிரியையிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். கெ, கே, கை எழுதியே வளர்ந்த நமக்கு அப்படி ஒரு கேள்வியே எழாது. கொ எழுதும்போது ஒரு குறி இந்தப் பக்கம், ஒரு குறி அந்தப் பக்கம் என்று போடுகிறோமே, அதுவும் அங்கே உண்டு.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மெய்கள் மேல், நடு, கீழ் என்று மூன்று வகுப்பாகப் பிரிந்திருக்கும். எந்த வகுப்பு மெய், குறிலா நெடிலா, எதில் முடிகிறது, மேலே என்ன குறி என்று நான்கையும் பார்த்துத்தான் ஏற்ற இறக்கத்தைக் கணிக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும், குறுக்கு வழி கிடையாது. ஆனால் எழுத்தில் அந்தத் தகவல் முழுவதும் இருக்கிறது, ரோமனில் இல்லை. ஆகவே இரண்டு மாட்யூல் பள்ளிகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், எழுத்தை எந்த மாட்யூலில் தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள். முதல் மாட்யூலிலேயே என்றால் அதில் சேருங்கள், இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

பல்கலைக்கழகப் பக்கம் போனால் முதலில் வரும் பெயர் சூலாலாங்கோர்ன். அதன் கலைப்புலம் வெளிநாட்டவருக்காக ஒரு தீவிரப் பயிற்சி நடத்துகிறது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று, ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக ஒன்பது நிலைகள். இங்கே ஒரு நிலைக்குக் கட்டும் பணத்தில் தனியார் பள்ளியில் இரண்டு மூன்று மாட்யூல் முடித்துவிடலாம். வீட்டுப்பாடம், சொல்வதெழுதுதல், பரீட்சை எல்லாம் நிஜமான பள்ளிக்கூடம் மாதிரியே. மேலே போகப் போக செய்தித்தாளும் கட்டுரையும்தான் பாடம். ஜப்பானிய, கொரியக் கம்பெனிகள் அனுப்பிவைத்த ஊழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தால் நமக்கும் கொஞ்சம் வெட்கம் வந்து படிப்போம். அலுவலகத்தில் தாய்லாந்து மொழியில் மின்னஞ்சல் எழுத வேண்டும், இங்கேயே பட்டம் படிக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியாது. காய்கறிக் கடைக்காக மட்டும் என்றால் இவ்வளவு வேண்டியதும் இல்லை. சான்றிதழ் கேட்கும் இடங்களுக்கு இதே பல்கலைக்கழகம் சியு-டிஎஃப்எல் என்றொரு தேர்வும் நடத்துகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சோதிக்கும் தேர்வு அது. அதை எழுதுவதற்கு அங்கேதான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு நேர் எதிர், ஏ.யு.ஏ. மொழி மையத்தில் மார்வின் பிரவுன் என்ற மொழியியலாளர் 1984-இல் தொடங்கிவைத்த கேட்டல் முறை. குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படி என்பது அவருடைய வாதம். முன்னால் இரண்டு ஆசிரியர்கள் நின்று படம் வரைந்தும் நடித்தும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் இல்லை, குறிப்பெடுப்பது இல்லை, திருப்பிச் சொல்லவும் கூடாது. பல நூறு மணி நேரம் கேட்ட பிறகு பேச்சு தானாக வரும் என்பார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் பொறுமையாக உட்கார்ந்தவர்களின் உச்சரிப்பைக் கேட்டால் கேலி குறையும். மாட்யூல் பள்ளியில் படித்தவர்கள் வேகமாகப் பேசுவார்கள், எதிராளி பதில் சொன்னதும் விழிப்பார்கள். இவர்கள் அப்படி விழிப்பதில்லை. பிரச்சினை, நாளை காலை குழாய்க்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான். பல நூறு மணி நேரம் அவர் காத்திருக்க மாட்டார்.

நல்ல வேளையாக, இந்த முறையை மட்டும் இப்போது வீட்டிலிருந்தே இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். காம்ப்ரிஹென்சிபிள் தாய் என்ற யூடியூப் சேனலில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி நிலைவாரியாக ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. எந்த வகுப்பில் சேர்ந்தாலும் ரயிலில் போகும்போது தினம் ஒன்று கேட்டுக்கொண்டே வாருங்கள். மாட்யூல் வகுப்பு கொடுக்காத காதை இது கொடுக்கும்.

தனி ஆசிரியர் விஷயம் ஆளைப் பொறுத்தது. ஐடாக்கி மாதிரி தளங்களில் மணிக்கணக்கில் கிடைக்கிறார்கள். கேமரா முன்னால் பேசி அரட்டையாகவே முடிந்துவிடும் வகுப்புகள் அதிகம். தனி ஆசிரியரின் உண்மையான பயன் உச்சரிப்பைத் திருத்துவதில்தான் இருக்கிறது. பத்துப் பேர் வகுப்பில் உங்கள் வாயை யாரும் கவனிப்பதில்லை.

நம் வாய்க்கென்று சில தனிக் கோளாறுகள் உண்டு. சொல் க், ட், ப் என்று அடைத்து முடிந்தால் நமக்குக் கடைசியில் ஓர் உகரம் போடாமல் இருக்க முடியாது. ஆண்கள் மரியாதைக்காக வாக்கியம்தோறும் சொல்லும் "க்ராப்" நம் வாயில் "க்ராப்பு" ஆகிவிடும். ஒரு ஆசிரியை இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சொல்லி முடித்ததும் உதட்டை மூடியபடியே மூன்று விநாடி இருக்கச் சொல்வார். மூச்சு விட்டால் மறுபடி முதலிலிருந்து. அடுத்தது, மூச்சை ஊதிச் சொல்லும் ப-வும் ஊதாத ப-வும் அங்கே வெவ்வேறு எழுத்துகள். ஊதாதது நமக்குத் தானாகவே வரும், ஆங்கிலேயர் அதற்குத் திண்டாடுவார்கள். ஊதுவதுதான் நமக்குப் பழக்கமில்லை. இந்தி தெரிந்தவர்களுக்கு அதுவும் சுலபம். குறில் நெடிலில் நமக்குப் பிரச்சினையே இல்லை. இன்னொன்று, ஆண்கள் பெண் ஆசிரியையிடம் தனியாகப் படித்தால் "க்ராப்"புக்குப் பதிலாகப் பெண்கள் சொல்லும் "கா"வை அப்படியே பிடித்துக்கொண்டு கடையில் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். கடைக்காரர் சிரிப்பார், திருத்த மாட்டார்.

"மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம்" என்ற பலகையைப் பார்த்தால் ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும்போது தாய்லாந்து மொழிக்கு 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. தமிழும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பது உபரித் தகவல். ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு அது. நமக்குக் கொஞ்சம் குறையலாம், மூன்று மாதமாகக் குறையாது.

என்னைக் கேட்டால், பகலில் நேரம் இருப்பவர்கள் எழுத்தை முதலிலேயே தொடங்கும் மாட்யூல் பள்ளியில் இரண்டு மாதம், கூடவே தினம் ஒரு வீடியோ. அதன் பிறகும் ஆசை இருந்தால் நிலைத்தேர்வு எழுதிவிட்டுச் சூலா. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை அல்லது சனிக்கிழமைக் குழு வகுப்பு, அதோடு வாரம் ஒரு மணி நேரம் உச்சரிப்புக்கு மட்டும் தனி ஆசிரியர். அரட்டை வேண்டாம் என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆங்கிலத்தில் விளக்கியே மணி நேரம் போய்விடும்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், பல பள்ளிகள் விடுகின்றன. அங்கே உட்கார்ந்து கவனிக்க வேண்டியது, மாணவர் தவறான ஏற்ற இறக்கத்தில் சொன்னபோது ஆசிரியர் நிறுத்தித் திருத்துகிறாரா, "தீ மாக்", அதாவது ரொம்ப நன்று, என்று சொல்லிக் கடந்துவிடுகிறாரா என்பதை. பணத்தை ஒரு மாட்யூலுக்கு மட்டும் கட்டுங்கள். ஏப்ரலில் சேர்ந்தால் நடுவில் சொங்க்ரான் எனப்படும் தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை வரும், அந்த நாட்களுக்கு ஈடு வகுப்பு உண்டா என்று ரசீது வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.