பயணிகள் உதவி மேசை: யாருக்குக் கை கொடுக்கிறது?

வழியில் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்ட பயணிகளை ஊர் சேர்க்க நிலையத்தில் இருப்பது உதவி மேசை. நல்ல உதவி மேசையில் உடையைப் பார்த்து ஆளை எடை போடமாட்டார்கள். இஸ்திரி கலையாத சட்டைக்காரரும் பர்ஸைப் பறிகொடுத்திருந்தால் ஊர் போய்ச் சேரும்வரை ஏழைதான். எந்த ஊர், அங்கே யார் இருக்கிறார்கள், எந்த வண்டி என்று மூன்றே கேள்வி. பிறகு வீட்டுக்கு ஒரு போன். காசாகத் தராமல் டிக்கெட்டாக எடுத்துத் தருவது சரியான ஏற்பாடு. ஆனால் அது ரத்து செய்து பணமாக்க முடியாத டிக்கெட்டாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கவுண்டரிலேயே காசாகிவிடும்.

பசிக்கு மட்டும் விசாரணையே கூடாது, சாப்பாடு முதலில்.

பெரிய குறை, வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி கேள்வி கேட்பது. நிஜமாகவே இல்லாதவர்தான் கூசிப்போய் முதலில் நழுவுகிறார். போனை யாரும் எடுக்காமல் கடைசி வண்டி கிளம்பும் நேரம் வந்துவிட்டால், நம்பி ஏற்றிவிடுவதே முறை.