பூனைக்கு நாய் மருந்தை ஊற்றி அனுப்பிய கிளினிக்: மும்பையில் பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

சயான், தாராவி, செம்பூர் பக்கம் பூனை வளர்க்கும் நம் மக்களுக்காக இதை எழுதுகிறேன். பூனையின் தோலில் பொருக்குத் தட்டினால், செல்லப்பிராணிக் கடைகளுக்குள் திரை போட்டு நடத்தும் கிளினிக்குகளை நம்பிப் போகாதீர்கள். அப்படி ஓர் இடத்தில் போட்ட மருந்தால் எங்கள் கருப்பி உயிருக்குப் போராடினாள்.

மழைக்காலத்தில் அவள் கழுத்திலும் வால் தொடங்கும் இடத்திலும் சின்னச் சின்னப் பொருக்குகள் வந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தடவினால் ரவையைத் தொட்ட மாதிரி இருக்கும். கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவர் முடியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. "சொறிதான் அக்கா, ஒரு ஊசியில போயிடும்" என்றார். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "அலர்ஜி ஊசி" என்பதோடு முடித்துக்கொண்டார். அரிப்பு நின்றது. கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

மறுபடி போனபோது ஒரு சின்ன டியூப்பை உடைத்து, பாதியைப் பிடரியில் ஊற்றினார். "நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான், அளவுதான் வேற" என்றார். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார், பில் கிடையாது. மேசையில் கிடந்த காலி உறையை என் மாமியார் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அந்த ஆள்மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை.

அன்று இரவே கருப்பிக்கு வாயில் எச்சில் ஒழுகியது. காது துடித்தது, அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. டாக்சி பிடித்து வேறொரு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் உறையைப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது: பெர்மெத்ரின். நாய்களின் உண்ணி மருந்துகள் பலவற்றில் இது இருக்கிறது. நாயின் ஈரல் இதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் "பாதி டோஸ்" என்ற கணக்குக்கே இங்கே இடமில்லை. இதற்கு முறிவு மருந்தும் கிடையாது. தோலில் இருப்பதைக் கழுவி, நடுக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்து, உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் பிழைத்தாள்.

இவ்வளவுக்கும் அவளுக்கு இருந்தது தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு வரும் ஒவ்வாமை. பூனைகளில் இத்தகைய பொருக்குக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஒன்றிரண்டு கடியே போதும். பூனை நக்கிக்கொண்டே இருப்பதால் பூச்சி கண்ணில் படாமலே போகலாம். டாக்டர் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். செம்பழுப்பாகக் கரைந்தது. அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். சில நிமிட வேலை. அதைக்கூட அந்த ஆள் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாப் பொருக்கும் இதனால் வருவதில்லை. காது ஓரத்திலும் முகத்திலும் தடித்த பொருக்கு வந்தால் சொறி உண்டாக்கும் நுண்பூச்சியாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முடி உதிர்ந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் படர்தாமரை என்று சந்தேகிக்கலாம். அது வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். உணவு ஒவ்வாமை என்றால் குறைந்தது எட்டு வாரம் வேறு வகைப் புரதம் கொடுத்துத்தான் உறுதி செய்ய முடியும். எதுவென்று பார்க்காமல் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு அடங்கி நோய் மறைந்துகொள்ளும். படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோயே வரலாம். கருப்பிக்குக் கிளினிக்கில் போட்ட முதல் ஊசியும் இந்த வகைதான் என்பது அவளைக் காப்பாற்றிய டாக்டரின் சந்தேகம்.

கருப்பிக்கு இப்போது எடைக்கு ஏற்ற, பூனைக்கென்றே உள்ள மருந்தை மாதாமாதம் போடுகிறோம். முட்டையும் கூட்டுப்புழுவும் வீட்டில்தான் கிடக்கும் என்பதால் அவள் படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து, சோபா இடுக்கெல்லாம் வாக்குவம் வைக்கிறோம். பொருக்கு உதிர்ந்து புது முடி வருகிறது.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். நாங்கள் மாநிலக் கவுன்சிலுக்கு உறையின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறோம். நம்பிப் போக, பாரேலில் 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் பகுதியிலிருந்து தூரமும் இல்லை.

யாராவது ஏற்கெனவே நாய் மருந்தை ஊற்றியிருந்தால், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது மூன்று நாள் கழித்துக்கூட வரலாம். பூனை தெளிவாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தைக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, மருந்து உறையோடு உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவ நிற்காமல் நேராகக் கிளம்புங்கள்.