அவருடைய 600-ஆ, என்னுடைய 2.8-ஆ: பேஸ்பால் வேலியோரத்தில் ஒரு லென்ஸ் தகராறு

மகன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி பேஸ்பால் அணியில் இடம் பிடித்தபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேமரா, கேனான் 7டி மார்க் 2. 2014-இல் வந்த மாடல், நாங்கள் பழையதாக வாங்கியது, நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். அதில் யாருக்கும் குறை இல்லை. தகராறு முழுக்க லென்ஸில்தான். வீட்டுக்காரர் சிக்மா 150-600 கன்டெம்பரரி வாங்கினார் (எண்கள் மி.மீ., பெரிதாகப் பெரிதாகத் தூரத்து ஆள் கிட்டே வருவான்). இரண்டு வருஷம் கழித்து நான் பழைய கேனான் 70-200 எஃப் 2.8 (இரண்டாம் பதிப்பு) ஒன்றைத் தேடிப் பிடித்தேன், ஆயிரம் டாலருக்குள். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். டல்லாஸ் புறநகரில் ஒரே மைதானத்தில், ஒரே வேலிக்குப் பின்னால் இரண்டையும் மாட்டி மாட்டி எடுத்திருக்கிறோம். அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் அவர் கட்சிதான் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். பையன் அப்போது ஜேவி அணியில் (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) சென்டர் ஃபீல்டர், அதாவது மைதானத்தின் தூரக்கோடியில் நடுவில் நிற்பவன். ஆட்டம் சாயங்காலம் நாலரைக்கு, டெக்சாஸ் வெயில் கண்ணைக் கூசும். முதல் பேஸ் என்பது ஹோம் பிளேட்டில் (பேட்டர் நிற்கும் இடம்) இருந்து பிட்சரை (பந்து வீசுபவனை) பார்த்தால் வலப்பக்கம், மூன்றாம் பேஸ் இடப்பக்கம். முதல் பேஸ் பக்க டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) ஓரத்திலிருந்து அவன் நிற்கும் இடம் எப்படியும் 75 மீட்டர். அந்தத் தூரத்தில் 200 மி.மீ.யில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் படத்தின் உயரத்தில் எட்டரை மீட்டர் மைதானம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பையன் அதில் ஐந்தில் ஒரு பங்கு, முகம் ஒரு புள்ளி. 600-இல் அதே படச்சட்டம் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பந்துக்குப் பாய்வது தெரியும். 600-இல் சிக்மாவின் துளை எஃப் 6.3-தான், வெயிலில் அது ஒரு குறையே இல்லை, ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்கு வைத்தாலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) ஆயிரத்தைத் தாண்டாது.

தொல்லைகள் வேறு விதம். லென்ஸ் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் ஏழு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்க என்னால் முடியாது, அந்த மோனோபாடையும் அலுமினிய பிளீச்சரில் (பார்வையாளர் படி இருக்கையில்) ஊன்றினால் பின்னால் எவராவது எழுந்து நடக்கும்போதெல்லாம் படம் ஆடும். மே மாதம் வந்துவிட்டால் செயற்கைப் புல்லிலிருந்து கிளம்பும் கானலில் தூரத்துப் படங்கள் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்ததுபோல் நெளியும். அதற்கு எந்த விலை லென்ஸும் மருந்தில்லை. இன்னொன்று, 600-இல் கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் வரும் ஃபவுல் பால் (ஆடுகளக் கோட்டுக்கு வெளியே பறக்கும் பந்து) தெரியவே தெரியாது. வேலிக்குப் பின்னாலேயே நில்லுங்கள், திறந்த இடத்துக்குப் போகாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் வார்சிட்டி, பள்ளியின் முதன்மை அணி. கதையே மாறியது. ஆட்டம் ஏழு மணிக்கு, விளக்கொளியில். பையனும் அவுட்ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு மாறிவிட்டான். தொலைக்காட்சியில் பார்க்கிற மேஜர் லீக் மைதான விளக்கை மனதில் வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போகாதீர்கள். எங்கள் மைதானத்தில் எஃப் 2.8, ஷட்டர் 800-இல் ஒன்று வைத்தாலே ஐஎஸ்ஓ 6400 கேட்டது. எஃப் 6.3 அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே விடும், அதாவது 32,000. அவர் அப்படியும் எடுத்தார், பிடிவாதம். பையன் முகத்தில் ரவை உப்புமா கொட்டியதுபோல் வந்தது. ஷட்டரை 250-க்கு இறக்கிப் பார்த்தார், ஆள் நின்றான், கை காணாமல் போனது.

70-200 அந்த இடத்தில் சோறு போட்டது. மூன்றாம் பேஸ் பக்க வேலியிலிருந்து பையன் 15, 20 மீட்டரில் நிற்கிறான், 200-ஏ அதிகம், பாதி நேரம் 120-இல் எடுத்தேன். 6400-இல் 7டி மார்க் 2 சுத்தமான படம் தராது, உண்மை, ஆனால் இப்போதிருக்கிற, அந்தப் புள்ளிகளை நீக்கும் மென்பொருளில் ஒருமுறை போட்டு எடுத்தால் எட்டுக்குப் பத்து பிரின்ட் தாராளமாகப் போடலாம். ஒன்றரைக் கிலோதான், மோனோபாட் வேண்டாம்.

பழைய விளக்குகள் இருக்கிற மைதானத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 120 தடவை துடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, நொடியில் 800-இல் ஒரு பங்கு ஷட்டருக்குத் தெரியும். வரிசையாக எடுத்த பத்தில் நாலு மஞ்சளடித்து இருட்டாக வரும். 7டி மார்க் 2-இல் இதற்கென்றே ஒரு வசதி உண்டு, விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பழைய கேமரா வாங்குகிறவர்கள் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன்னால் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, லென்ஸ் சண்டையை விடுங்கள். எங்கே நிற்பது என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம், அதற்குக் காசும் கிடையாது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுக்கு வெளியே எங்கே உட்கார்ந்தாலும் பேட்ஸ்மேன் வெகுதூரம். இங்கே ஹோம் பிளேட் இருபது இருபத்தைந்து மீட்டரில். அதனால் பத்தடி நகர்ந்தாலே படம் மாறிவிடும்.

வலது கை பேட்டர் மார்பைக் காட்டுவது முதல் பேஸ் பக்கம். ஆக அவன் முகம் வேண்டுமென்றால் முதல் பேஸ் டக்அவுட் பக்கம் நில்லுங்கள், மூன்றாம் பேஸ் பக்கம் நின்றால் முதுகில் இருக்கும் எண்தான் கிடைக்கும். இடது கைக்காரனுக்கு நேர் எதிர். பிட்சருக்கோ இதுவும் தலைகீழ்: வலது கை பிட்சர் பந்தைப் பிடித்து நிற்கும்போது மூன்றாம் பேஸைப் பார்த்து நிற்பான், அந்தப் பக்கம்தான் முகம். மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்து ஹோம் பிளேட்டில் சறுக்குகிறவன் முகம் முதல் பேஸ் பக்கம் இருப்பவருக்குத் தெரியும், இரண்டாம் பேஸில் சறுக்குகிறவன் முகம் மூன்றாம் பேஸ் பக்கம் இருப்பவருக்கு. ஒரு பக்கமே எல்லாம் தராது. நான் பையன் பேட் செய்யும்போது முதல் பேஸ் பக்கம், அவன் ஃபீல்டிங்கில் இருக்கும்போது மூன்றாம் பேஸ் பக்கம் என்று இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் நடந்துகொண்டே இருப்பேன். எதிரணி பிளீச்சரைத் தாண்டித்தான் போகவேண்டும், ஒரு புன்னகை போதும். வேலிக்கு உள்ளே நின்று எடுக்க ஆசையிருந்தால் மட்டும் முதலில் கோச்சிடம் கேளுங்கள்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று மேஜர் லீக் விதிப்புத்தகமே சொல்கிறது. பேட்டர் கண்ணில் மாலை வெயில் அடிக்கக் கூடாது, அதற்காக. அப்படி அமைந்த மைதானத்தில் சாயங்காலம் மூன்றாம் பேஸ் பக்கம் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். எல்லாப் பள்ளியும் அப்படிக் கட்டுவதில்லை, கிடைத்த நிலத்தில் கட்டியிருப்பார்கள். முதல் நாள் போனதும் தொப்பி நிழல் எந்தப் பக்கம் முகத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

கம்பி வேலி எல்லோருக்கும் பொது எதிரி. ஹூடை (லென்ஸ் முனையின் வெயில் மறைப்பை) கழற்றிவிட்டு லென்ஸை வேலியில் ஒட்டினாற்போல் வைத்துத் துளையை முழுக்கத் திறந்தால் கம்பி கரைந்துவிடும், ஆனால் வெயில் விழும் வெள்ளிக் கம்பி படத்தின் மேல் மோர் ஊற்றியதுபோல் ஒரு மங்கலை விட்டுப்போகும். நிழல் விழுந்த வேலியைத் தேடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் செல்போன் எல்லாரையும் அடித்துவிடும், அதன் குட்டி லென்ஸ் இரண்டங்குல ஓட்டைக்குள் நேராகப் புகுந்துவிடும்.

செல்போன் என்றதும் சொல்லிவிடுகிறேன், ஆட்டப் படங்களுக்கு அது வேண்டாம். ஐபோன் 16 ப்ரோவின் ஐந்து மடங்கு லென்ஸ் 120 மி.மீ.க்குச் சமம், பகலில் பேட்டரைப் பிடிக்கலாம், ராத்திரியில் சாயம் அப்பியதுபோல்தான் வரும். வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 120 ஃபிரேம் 4கே-யில் எடுத்த பேட்டிங் வீடியோவைப் பையனே கேட்டு வாங்கிப் பார்க்கிறான், என் படங்களை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் போன் எப்படியும் வேலியில் மாட்டிக் கேம்சேஞ்சர் செயலியில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும், ஏழு மணி ஆட்டம் மதுரையில் காலை ஐந்தரை, தாத்தா காபியோடு உட்கார்ந்துவிடுவார்.

பக்கத்தில் நிற்கும் இரண்டு பெற்றோரின் கருவிகளையும் கடன் வாங்கிப் பார்த்தேன். ஒன்று சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, லென்ஸ் மாற்ற முடியாத கேமரா, 24-இலிருந்து 600 மி.மீ. வரைக்குச் சமமான ஜூம் ஒரே பெட்டியில், ஒரு கிலோ சொச்சம், நொடிக்கு 24 படம். பகல் ஆட்டம் மட்டும் என்றால், பையில் மூட்டை கட்டப் பிடிக்காதென்றால், இதை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். ஆனால் சென்சார் என் கேமராவுடையதில் மூன்றில் ஒரு பங்குதான், இருட்டினால் படுத்துவிடும்.

மற்றது கேனான் ஆர்7-இல் ஆர்எஃப் 100-400. லென்ஸ் 635 கிராம்தான், கையில் இருப்பதே தெரியவில்லை, பொறாமையாக இருந்தது. 400-இல் எஃப் 8, ஆக இதுவும் வெயில் பிள்ளை. கேமராவில் ஒரு மாயம் உண்டு, ஷட்டரை அமுக்குவதற்கு அரை நொடி முன்பிருந்தே படங்களைச் சேர்த்து வைக்கும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், 80 மைல் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 36 மீட்டர் போகிறது, பத்துப் படம் எடுக்கும் என் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பந்து மூன்றரை மீட்டர் தாண்டிவிடும். பேட்டில் பந்து படும் கணம் எனக்கு அதிர்ஷ்டம்தான், சீசனுக்கு நாலைந்து கிடைக்கும். ஆர்7-இல் அந்த நண்பர் ஒரே ஆட்டத்தில் மூன்று எடுத்தார். மூன்றிலும் பேட் வாழைப்பழம்போல் வளைந்திருந்தது! மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கும், அது கீழே வந்து சேர்வதற்குள் பேட் நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பேட் நிமிரும், மாயம் போய்விடும்.

இன்றைக்கு வாங்குகிறவருக்கு என் யோசனை: பிள்ளை அவுட்ஃபீல்டர், ஆட்டமெல்லாம் பகலில் என்றால் 150-600 அல்லது அந்த லேசான 100-400. பிட்சர், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்), இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) என்றால் பழைய 70-200 எஃப் 2.8, யோசிக்கவே வேண்டாம். முடிவெடுக்க முடியவில்லையா, சீசன் தொடங்கியதும் ஒரு வாரத்துக்கு 70-200-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு ராத்திரி ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள். நன்றாக இருட்டியபின், ஐந்தாவது இன்னிங்ஸில், எஃப் 2.8, 800-இல் ஒன்று என்று வைத்து ஐஎஸ்ஓ எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1600-க்குள் நின்றால் வீட்டுக்காரர் கட்சியில் சேருங்கள். 6400-ஐத் தொட்டால் என் கட்சி.