மூன்று நட்சத்திரத்துக்கு அப்புறம் ரெகே

ஜூன் மாத நியூயார்க்கில் சனிக்கிழமை லேசில் முடியாது. எட்டரைக்குத்தான் சூரியன் இறங்கும். என் ஆபீஸ் நண்பன் யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத் கடைப்பிடிக்கிறவன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை போனைத் தொடமாட்டான், ரயில் ஏறமாட்டான். ஒன்பதேகால் தாண்டித்தான் மெசேஜ் வந்தது: "கிளம்பிட்டேன், வரிசையில நில்லு." புரூக்ளினில் ஒரு சின்ன ஹாலில் யூத ரெகே கச்சேரி; ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில் யூதப் பாட்டுகள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இவனைப் போலவே இருட்டுக்காகக் காத்திருந்தவர்கள். அதனால் பத்தரைக்குத்தான் முதல் பாட்டு.

எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். தலையில் கிப்பா என்கிற வட்டக் குல்லா, டீ ஷர்ட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் த்ஸித்ஸித் என்கிற மதச் சடங்கு நூல்கள். நாலு தட்டில் முதல் தட்டைச் சும்மா விட்டு, மூன்றாவதில் டிரம் விழுவதுதான் ரெகேயின் நடை. அந்த மூன்றாவது தட்டுக்கு எல்லோரும் சேர்ந்து குதிக்கும்போது நூல்களும் சேர்ந்து எழும்பி விழுகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பாட்டைக் கோட்டைவிட்டேன்.

யூதருக்கும் ரெகேக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பைபிளில், பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் சீயோனை நினைத்து அழும் 137ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார்க்கலாம். ரெகேயோடு பின்னிக் கிடக்கும் ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி மதத்தினர் பாடும் சீயோனும் பாபிலோனும் அங்கிருந்து வந்தவைதான். அவர்கள் சடைமுடிக்குக் காட்டும் ஆதாரம் அதே பைபிளின் எண்ணாகமம், தீவிர மரபுவழியினரான ஹசிடிக் யூதர்கள் காதோர முடிக்குக் காட்டுவது லேவியராகமம். புரூக்ளின் கிரவுன் ஹைட்ஸில் லுபாவிச் என்கிற ஹசிடிக் பிரிவின் தலைமையகம் இருக்கிற ஈஸ்டர்ன் பார்க்வே வழியாகத்தான் கரீபிய மக்களின் செப்டம்பர் ஊர்வலமும் போகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பாட்டு கலக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். பேண்ட் அருமை, சவுண்ட் மோசம். பேஸ் நெஞ்சாங்கூட்டை உலுக்கியது. பாடுகிறவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. காதலி போய்விட்டாள் என்கிற பாட்டென்றால் வார்த்தை கேட்காவிட்டாலும் பாதகமில்லை. சங்கீத வசனத்தைப் பாடும்போது கேட்காவிட்டால் என்ன மிச்சம்? கடைசிப் பாட்டு முடிந்து மைக்கை அணைத்த பிறகு, முன்வரிசைப் பையன்கள் சொல்லே இல்லாத ஒரு நிகுன் மெட்டைத் தொடங்கினார்கள். ஹால் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் தெளிவாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்தக் குறைக்கு நண்பன் கொடுத்த மருந்து, யூத ரெகே பாடகர் மட்டிஸ்யாஹுவின் கச்சேரி ஆல்பம் 'லைவ் அட் ஸ்டப்ஸ்'. டெக்சாஸின் ஆஸ்டினில், 2005 பிப்ரவரி 19 அன்று பதிவானது. காலண்டரைப் புரட்டினேன், அதுவும் சனிக்கிழமை! இடம் ஒரு பார்பிக்யூ உணவகம். கருப்புத் தொப்பியும் தாடியுமாக ஒரு ஹசிட், யூத உணவு விதிப்படி வாயில் வைக்கக் கூடாத இறைச்சி வேகும் இடத்தில் நின்று கடவுளைப் பாடுகிறார். பின்னால் கிடார், பேஸ், டிரம் மூன்றே பேர். அதனால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. 'கிங் விதவுட் எ கிரவுன்' அமெரிக்கப் பாட்டுப் பட்டியலான பில்போர்டில் 28ஆம் இடம்வரை ஏறிய பாட்டு. நான் திரும்பத் திரும்பப் போடுவது, வாயாலேயே டிரம் வாசிக்கும் 'பீட் பாக்ஸ்'. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. நடுவில் ஒரே வேகத்தில் சில பாட்டுகள் வரிசையாக வந்து கொஞ்சம் சோர்வு தட்டுகிறது. அடுத்த ஆண்டு வந்த ஸ்டுடியோ ஆல்பம் 'யூத்' இதைவிடத் துப்புரவு. ஆனால் கூட்டத்தின் கூச்சல் இல்லாத அந்த ஸ்டுடியோ பாட்டு எனக்கு ஒட்டவில்லை. வாங்குவதானால் லைவையே வாங்குங்கள்.

2011 டிசம்பரில் மட்டிஸ்யாஹு ஹசிடிக் அடையாளமான தாடியை மழித்தார். அப்போது யெஷிவா என்கிற யூத மதப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் நண்பன், அதற்குப் பிறகு வந்த எதையும் கேட்பதில்லை. தாடியோடு குரலும் போய்விட்டது என்பான். நான் கேட்டுப் பார்த்தேன். குரல் அப்படியேதான் இருக்கிறது. பேஸ் இறங்கி பாப் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.